பதினெட்டே முக்கால்

தாபோடியில் மழை விட்ட மாதிரி இருக்கும், விடாது. கணபதியைக் கரைத்து ஒரு வாரம் ஆகியும் மூட்டம் கலைந்தபாடில்லை. ரயில் பாதையை ஒட்டிய சந்தில், வீட்டோடு சேர்த்து இறக்கிய தகரச் சாய்ப்பில் உட்கார்ந்து, ஜெயசீலன் ஓர் அலுமினியத் தகட்டை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத தகடு. நடுவில் ஒரு துளை. அந்தத் துளையைத் தவிர அந்த வாரம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

ஜெயசீலன் நாசரேத்துக்காரர். புனேவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். மிச்ச நேரமெல்லாம் இந்தச் சாய்ப்பில்தான். மண் தடத்தில் பந்தயம் விடுகிற பையன்களின் பைக்கைப் பிரித்து மாட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவருடைய மனைவி ஸ்டெல்லா அதற்கு வைத்திருக்கிற பெயர் சக்களத்தி.

ஸ்டெல்லாவும் சும்மா இருக்கிறவள் இல்லை. போபோடியில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிற நூருல் அமீனுக்கு, வீட்டிலிருந்தே பாய் தைத்துக் கொடுக்கிறாள். லாரியைப் போர்த்துகிற கனத்த பாயை மடியில் போட்டுக்கொண்டு அவள் மிஷினை மிதித்தால் சுவரில் மாட்டிய இயேசு படம் ஆடும். நூருல் அமீன் மேலப்பாளையத்துக்காரர். ஒரே ஜில்லா, ஒரே பேச்சு. பைக் பந்தயம் ஓட்டுகிற அவருடைய மகன் அஸ்ஃபாக்குக்காகத்தான் ஜெயசீலன் இந்தத் தகட்டைக் கடைந்தது.

அக்கா அர்ஃபாவின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த அஸ்ஃபாக், வியாழக்கிழமை காலையில் ரயிலைவிட்டு இறங்கி, சாயங்காலமே சாய்ப்புக்கு வந்துவிட்டான்.

"மாமா, ஊர்ல இருந்தாலும் மனசு பூரா இங்கதான் கெடந்துச்சு. புது ரூல் என்னவோ ஏதோன்னு நெனச்சு பிரியாணியே எறங்கல."

"ஒன் வயித்தப் பாத்தா அப்படித் தெரியலயே மாப்ள."

"சொல்லுங்க மாமா. என்னதான் மாத்திருக்கானுவ?"

ஜெயசீலன் தகட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "போன வருசம் வரைக்கும் எவனும் எந்த கார்புரேட்டரையும் மாட்டலாம். வசதி உள்ள வீட்டுப் பயலுவ வெளிநாட்டுச் சாமான மாட்டிட்டு வந்தானுவ. நம்ம வண்டி பின்னால பொகையத் தின்னுட்டே போச்சு. இந்த வருசம் அந்தக் கத நடக்காது. கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவுல இந்தத் தகட்டச் சொருகணும். எல்லா வண்டியும் இந்த ஒரே தொள வழியாத்தான் மூச்சு விடணும். ஆனைக்கும் அதே மூக்கு, பூனைக்கும் அதே மூக்கு."

"அப்ப சனிக்கெழம எப்படி இருக்கும் மாமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"சனிக்கெழம தகுதிச் சுத்து, ஞாயித்துக்கெழம ஃபைனல். மோஷிக்கு அந்தால உள்ள தடம். மேல முரும் சரளையப் போட்டு இறுக்கிருக்கான், அடியில கரிசல். இந்த மழைக்கு நாலு சுத்துல கரிசல் மேல வந்துரும். சாணிய மிதிச்ச மாதிரி வழுக்கும். போன வருசம் ஜெயிச்சவன் பழைய நெனப்புல முறுக்குவான், நின்ன எடத்துல சுத்துவான். இந்த மூக்க வச்சிக்கிட்டு நேர் ரோட்டுல எவனும் எவனையும் முந்த முடியாது. எவன் வளைவுல பயப்படாம ஆக்ஸிலேட்டரப் பிடிச்சிட்டுப் போறானோ அவன்தான் முன்னால வருவான். அது யாரு?"

அஸ்ஃபாக் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"தொள எவ்வளவு மாமா?"

"பதினெட்டே முக்கால் மில்லி. நம்ம கார்புரேட்டர் வாயே இருவதுதான். பெருசா ஒண்ணும் அடைக்கல. தாம்லேக்கு நம்ம மேல எரக்கம் வந்துட்டுன்னு நெனைக்கேன்."

உள்ளே ஸ்டெல்லா கருவாட்டுக் குழம்பை இறக்கிவிட்டுக் குரல் கொடுத்தாள். "எரக்கம் வந்தாச்சுன்னா ரெண்டு பேரும் கையக் கழுவிட்டு வாங்க. மண்ணெண்ண நாத்தத்தோட தட்டத் தொட்டா வெளக்குமாறுதான்."

தாம்லே என்பவர் பந்தயத்தை நடத்துகிற சங்கத்தின் சோதனை அதிகாரி. புது விதிகளைச் சொல்லப் போன ஞாயிற்றுக்கிழமை நகரத்து நடுவில் டெக்கனில் கூட்டம் போட்டிருந்தார். அச்சடித்த தாள் வெள்ளிக்கிழமை மைதானத்தில்தான் கிடைக்கும், அளவை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஏற்பாடு. ஜெயசீலனுக்கு அன்று கம்பெனியில் ஓவர்டைம். மகள் எஸ்தரை அனுப்பினார்.

ஓவர்டைம் இல்லாவிட்டாலும் எஸ்தரைத்தான் அனுப்பியிருப்பார். இது அவருக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இத்தனை வருஷத்தில் அவருக்கு மராத்தி வரவில்லை. இந்தியில் சாமான் வாங்குவார், ரிக்‌ஷாக்காரனோடு சண்டை போடுவார். மூன்று வாக்கியத்துக்கு மேல் போனால் அதுவும் அவரைக் கைவிட்டுவிடும். கம்பெனியில் எல்லோரும் மராத்தியில் பேசிச் சிரிக்கும்போது அவரும் சிரிப்பார், அரை நொடி தாமதமாக. ஆமாம் என்பதற்கு "ஹோ", சரிதான் என்பதற்கு "பரோபர்" என்று இரண்டு வார்த்தைகளை முறை வைத்துச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். ஜெயசீலன் நம்ம ஆள், மராத்தி அத்துப்படி என்று அங்கே பெயர். அந்தப் பெயரை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

எஸ்தருக்கு நேர் எதிர். ஜூனியர் காலேஜில் பன்னிரண்டாவது படிக்கிறாள். கனவு காண்பதுகூட மராத்தியில்தான் இருக்கும். தமிழ் மட்டும் அவள் வாயில் கல் கிடந்த சோறு. கூட்டத்திலிருந்து வந்ததும் அப்பாவிடம் சொன்னாள்: "தகட்டுக்கு நடுவுல ஹோல் இருக்கணும்ப்பா. அதோட சைஸ்... ருக்கோ, தமிழ்ல சொல்றேன்... பதினெட்டு, அப்புறம் முக்கால்."

"பதினெட்டே முக்காலா? நல்லாக் கேட்டியாட்டி?"

"ஹா நா. ரெண்டு தடவ கேட்டுச்சு நான்."

"கேட்டுச்சு இல்லட்டி, கேட்டேன்."

"அதான். கேட்டேன்."

சந்தோஷமான சேதியை யார் திருப்பிக் கேட்கிறார்கள்? ஜெயசீலனும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, டெம்போவில் பைக்கை ஏற்றிக்கொண்டு ஜெயசீலன், அஸ்ஃபாக், எஸ்தர் மூன்று பேரும் மைதானத்துக்குப் போனார்கள். எஸ்தர் கல்லூரிக்கு மட்டம். மழை தூறிக்கொண்டிருந்தது. வெளியே ஒருத்தி வடாபாவ் பொரித்துக்கொண்டிருந்தாள். தாம்லேயின் கூடாரத்துக்கு நூருல் அமீன் கடைத் தார்ப்பாய்தான் போட்டிருந்தது. தையலைப் பார்த்ததும் ஜெயசீலனுக்குத் தெரிந்துவிட்டது, ஸ்டெல்லா போட்ட தையல். வேடிக்கை பார்க்க வந்திருந்தவர்களில் கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். "காய் ஜெயசீலன்!" என்று, என்னப்பா என்கிற மாதிரி ஒருவன் முதுகில் தட்டினான். "பரோபர்" என்றார் ஜெயசீலன்.

தாம்லே குட்டையான மனிதர், சத்தமாகப் பேசுகிறவர். ஒவ்வொரு வண்டியின் தகட்டையும் கழற்றச் சொல்லி, கையிலிருந்த எஃகுத் தண்டைத் துளைக்குள் விட்டுப் பார்த்தார். தண்டு நுழையக் கூடாது. நுழைந்தால் துளை பெரிது. முன்னால் நின்ற மூன்று பேரின் தகட்டிலும் தண்டு விளிம்பில் முட்டி நின்றது. ரொம்பத்தான் சின்னதாகப் போட்டிருக்கிறான்கள், பயந்தாங்கொள்ளிகள் என்று ஜெயசீலன் நினைத்துக்கொண்டார்.

அவருடைய தகட்டில் தாம்லே தண்டை வைத்தார். வைத்தாரோ இல்லையோ, அது துளை வழியாக நழுவி மேஜையில் விழுந்து, உருண்டு, சேற்றுக்குள் போய்விட்டது.

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள்.

தாம்லே தண்டைப் பொறுக்கித் துடைத்தார். வெர்னியர் அளவுகோலை எடுத்துத் துளையை அளந்தார். முகம் மாறிவிட்டது. "பாவ்ணே அட்ரா!" என்று அச்சடித்த தாளைத் தட்டிக் காட்டிக் கத்தினார். அப்புறம் ஆங்கிலத்தில், "செவன்டீன் பாயின்ட் செவன் ஃபைவ்!"

எஸ்தரின் முகம் வெளுத்துப்போனது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா... பாவ்ணே அட்ரா. பாவ்ணே முக்கால், அட்ரா பதினெட்டு. நான் அப்படித்தானே... அப்பா, அது பதினேழே முக்கால் நா?"

பாவ்ணே என்றால் கால் குறைச்சல். கடிகாரத்தில் ரெண்டே முக்காலை மராத்தியில் பாவ்ணே தீன் என்பார்கள், மூன்றுக்குக் கால் குறைவு. பாவ்ணே அட்ரா என்றால் பதினெட்டுக்குக் கால் குறைவு, பதினேழே முக்கால். எஸ்தர் அதைப் பாதி பாதியாகப் பிட்டுத் தமிழில் வைத்திருக்கிறாள். தனித்தனியாக இரண்டு பாதியும் சரி போலத்தான் இருக்கும். சேர்த்தால் ஒரு முழு மில்லி கூடிப்போயிற்று. மராத்தி தெரிந்தவன் செய்யமாட்டான், தமிழ் தெரிந்தவனும் செய்யமாட்டான். இரண்டுக்கும் நடுவே பிறந்த பிள்ளைதான் செய்யும்.

ஜெயசீலனுக்கு அது புரிந்துவிட்டது. இதை மறக்கக் கூடாது. வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

தாம்லே விதியைச் சொன்னார். ஜெயசீலனுக்காகக் கொஞ்சம் இந்தியைக் கலந்து சொன்னார். மெக்கானிக் கை தவறியிருந்தால் தகட்டை மாற்றிக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து ஓடலாம். ஓட்டுகிறவன் தெரிந்தே பெரிதாக்கச் சொல்லியிருந்தால் அது திருட்டு, ஒரு வருஷம் எந்தத் தடத்திலும் இறங்க முடியாது. "ஒரு முழு மில்லி கை தவறாது. கூட்டத்துக்கு உங்கள் ஆள் வந்திருந்தார், அளவு தெரியாது என்று சொல்லாதே. கோணி சாங்கித்ல? யார் சொன்னது?"

சுற்றி நின்ற கம்பெனி ஆட்கள் ஜெயசீலனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மராத்தி தெரியாது, மகள் வந்து சொன்னதைக் கேட்டுக் கடைந்தேன் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தையைத் தூக்க அவரால் முடியவில்லை. கை தானாக எழுந்து அஸ்ஃபாக்கைக் காட்டியது.

"த்யானே" என்றார். அவன்தான்.

அஸ்ஃபாக் திரும்பிப் பார்த்தான். மாமா ஏதோ கணக்கு வைத்துத்தான் சொல்கிறார், அடுத்த வாக்கியத்தில் சரிசெய்துவிடுவார் என்று காத்திருக்கிற பார்வை. அடுத்த வாக்கியம் வரவில்லை. எஸ்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வாய மூடுட்டி" என்றார் ஜெயசீலன். பொட்டைப்பிள்ளையை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கக் கூடாதல்லவா என்று மனசுக்குள் ஒரு நியாயம் வேறு சொல்லிக்கொண்டார். அந்த நியாயத்தை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்கு அதிகம் கூசியது.

அஸ்ஃபாக் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள், தமிழிலும் மராத்தியிலும் அழுகையிலுமாக. ஸ்டெல்லா மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். கேட்டு முடிந்ததும் நிறுத்தினாள்.

"இவ சொல்லுதது நெசமா?"

ஜெயசீலன் ஈரச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "பிள்ள பேரு கெட்டுரக் கூடாதுன்னு..."

"பிள்ள பேரா? இவ பேரு அந்தத் தாம்லேக்குத் தெரியுமா? ஒங்க பேருக்காவ அந்தப் பையன் பேர அடகு வச்சிட்டு வந்திருக்கிய. அவன் இந்த வீட்டுல எத்தன நாள் சாப்ட்டிருக்கான்?"

"எனக்குத் தெரியாதாட்டி?"

"தெரிஞ்சுதான செஞ்சிருக்கிய."

ஜெயசீலனுக்கு உடம்பு முழுக்க யாரோ பார்ப்பது போல ஒரு கூச்சம். இருபது வருஷமாகச் சிரித்த அந்த அரை நொடிப் பொய்ச் சிரிப்பெல்லாம் சேர்ந்து ஒரே நாளில் முகத்தில் அப்பிக்கொண்ட மாதிரி இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நூருல் அமீன் வந்தார். தொப்பி நனைந்திருந்தது. கையில் கல்யாண வீட்டுப் பணியாரம் நிறைந்த டப்பா. ஜெயசீலன் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. அடிக்கத்தான் வந்திருக்கிறார், அடித்துவிட்டால்கூட நல்லது என்று அவருக்குத் தோன்றியது.

நூருல் அமீன் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், ஒங்க மொகத்துல முழிக்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

ஜெயசீலன் நிமிர்ந்து பார்த்தார்.

"பய வந்து எல்லாத்தையும் சொல்லிட்டான். நாந்தான் மாமாட்ட தொளையப் பெருசாக்கச் சொன்னேன், மாமாக்கு ரூல் தெரியாது, என்னை நம்பிச் செஞ்சிட்டாவன்னு. இத்தன வருசமா நீங்க காப்பாத்தி வச்ச பேரு மச்சான். எம் பிள்ள வந்து மண்ணள்ளிப் போட்டுட்டான். ஊர்லேருந்து வந்த ஒரே நாள்ல எப்படிப் புத்தி கெட்டுதோ, அல்லாவுக்குத்தான் தெரியும்." கையிலிருந்த டப்பாவை நாற்காலியில் வைத்தார். "அவனப் பெத்ததுலேருந்து நான் கை நீட்டுனது கெடையாது. இன்னிக்கு அடிச்சிட்டேன். நீங்க அவன மன்னிக்கணும்."

மிஷின் முன்னால் ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். எஸ்தர் கதவோரம் நின்றிருந்தவள் முன்னால் வந்தாள். "மாமா, அஸ்ஃபாக் பாய் ஒண்ணும் சொல்லல. கலத் சொன்னது நான்தான். நான் தமிழ்..."

"நீ சும்மா இரு பிள்ள" என்றார் ஜெயசீலன். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "இவ தப்பாச் சொன்னா மச்சான். வேணும்னு சொல்லல. அளவு தப்புன்னு எனக்கு அங்கேயே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச பெறவும் தாம்லே கேக்கும்போது ஒங்க மகனக் கையக் காட்டுனது நான். பொய்யி. எனக்கு மராத்தி தெரியாதுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சுரக் கூடாதுன்னு சொன்ன பொய்யி. அவன் ஒண்ணும் செய்யல."

நூருல் அமீனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியபோது அவர் கோபப்படவில்லை. தன்னுடைய வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அடிச்சிட்டேனே மச்சான்" என்றார். "எதுத்து ஒரு வார்த்த பேசல அவன்."

அப்படியே மழைக்குள் இறங்கினார். பணியார டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்த வீட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் அதைத் திறக்கவில்லை.

"நாளைக்குப் போயி தாம்லேட்ட சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா.

"எப்படிச் சொல்லுவேன்? எனக்குத்தான் பாஷை..."

"வரலன்னா கையக் காட்டுங்க. இன்னிக்குக் காட்டுனியள்லா, அதே மாதிரி. ஒங்களுக்கு நேரா காட்டுங்க."

சனிக்கிழமை காலையில் மழை வெறித்திருந்தது. விடிந்ததும் கடைந்து எடுத்த புதுத் தகட்டைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, எஸ்தரையும் கூட்டிக்கொண்டு ஜெயசீலன் மைதானத்துக்குப் போனார். தகுதிச் சுற்றுக்கு ஆள் திரண்டிருந்தது. கம்பெனி ஆட்கள் நேற்றைவிட அதிகம். தூரத்தில், தடத்துக்கு வெளியே, நூருல் அமீனும் அஸ்ஃபாக்கும் நின்றிருந்தார்கள். வரமாட்டேன் என்றவனை வாப்பாதான் இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

தாம்லே நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார். "காய்?" என்றார்.

"எஸ்தர், நான் சொல்லுதத அப்படியே சொல்லு" என்றார் ஜெயசீலன். "சார், நேத்து நான் பொய் சொன்னேன். அந்தப் பையன் ஒண்ணும் சொல்லல."

எஸ்தர் தாம்லே பக்கம் திரும்பினாள். "சர், கால் பாபாஞ்சி சூக் ஜாலி..."

நேற்று அப்பாவுக்கு சூக் ஆகிவிட்டது என்று தொடங்கி மேற்கொண்டும் சொன்னாள். தாம்லேயின் முகம் இளகியது. தலையாட்டினார். சூக். அந்த வார்த்தை ஜெயசீலனுக்குத் தெரியும். அளவு பிசகிய சாமானை சூப்பர்வைசர் தூக்கிப்போடும்போது சொல்கிற வார்த்தை. சூக் என்றால் தவறு, கை பிசகு, யாருக்கும் வருவது. பிள்ளை அப்பாவை மூடிவிட்டாள். தமிழே ஒழுங்காக வராத பிள்ளை, எந்த வார்த்தையை எங்கே மாற்றினால் அப்பாவின் மானம் தப்பும் என்று தெரிந்து மாற்றிவிட்டாள். சும்மா இருந்தால் போதும், முடிந்தது. ஒரு பரோபர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

"சூக் இல்லட்டி" என்றார்.

"அப்பா, விடுங்கப்பா..."

பொய்க்கு மராத்தியில் என்ன வார்த்தை என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. வந்த புதிதில் கம்பெனியில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்துக் 'கோட்ட, கோட்ட' என்று கத்தியபோது, சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கச் சொல்கிறானாக்கும் என்று இவர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டு ஓடியிருக்கிறார். நேராகச் சுற்றாத சக்கரத்தில் இருப்பது கோட்டம், நேராக இல்லாத பேச்சு இவர்களுக்குக் கோட்ட. அப்போதிருந்து மறந்ததில்லை.

தாம்லேயைப் பார்த்து, தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார். "சூக் நாஹி, சாஹேப். கோட்ட. மீ கோட்ட போல்லோ. மலா மராத்தி யேத் நாஹி."

நான் பொய் சொன்னேன், எனக்கு மராத்தி வராது. இருபது வருஷத்தில் அவர் முழுதாகச் சொன்ன முதல் மராத்தி அதுதான். உச்சரிப்பைக் கேட்டுக் கம்பெனி ஆட்களில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன் அவன் தோளைத் தொட்டு அடக்கினான். சிரித்ததைவிட அந்த அடக்கம்தான் ஜெயசீலனைச் சுட்டது.

தாம்லே டீயைக் கீழே கொட்டினார். பிறகு எஸ்தரிடம் தீர்ப்பைச் சொன்னார். பையன் ஓடலாம், புதுத் தகட்டோடு, கடைசி வரிசையிலிருந்து. இவர் தகட்டைக் கொடுத்துவிட்டுக் கயிற்றுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். இந்த வருஷம் எந்த வண்டியிலும் கை வைக்கக் கூடாது.

"பரோபர்" என்றார் ஜெயசீலன். அன்றுதான் அந்த வார்த்தையை அர்த்தத்தோடு சொன்னார்.

எஸ்தர் ஓடிப்போய் அஸ்ஃபாக்கைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனுடைய இடது கன்னம் இன்னும் தடித்திருந்தது. ஜெயசீலன் துணியைப் பிரித்துத் தகட்டை நீட்டினார்.

"மாப்ள, பதினேழே முக்கால். நல்லா அளந்துட்டேன்."

அஸ்ஃபாக் வாங்கிக்கொண்டான். முகத்தில் கோபமில்லை, சண்டைக்கு நிற்கிற தோரணையும் இல்லை. மரியாதையாகத் தலையை அசைத்தான்.

"தேங்க்ஸ், அங்கிள்" என்றான்.

புனேவில் எல்லோரும் அங்கிள்தான். ரிக்‌ஷாக்காரர், வாட்ச்மேன், காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், வழி கேட்டால் சொல்கிற முன்பின் தெரியாதவர், எல்லோரும். ஜெயசீலன் வெறும் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே போய் நின்றார்.